மாடு கட்டும் வளையம்

இர்மினா கொல்ல வேண்டிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவன் பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் பாக்கி இருந்தது. அவன் தகப்பன் பிறக்கவில்லை, தகப்பனின் பாட்டன் பிறக்கவில்லை, அவர்கள் பேசப்போகும் பாஷைகூட இன்னும் உருப்படியாகப் பிறக்கவில்லை. ஆனால் அவன் பெயர் அவளுக்குத் தெரியும். குரல் தெரியும், பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொள்கிற பழக்கம் தெரியும். எக்கார்ட் என்ற அந்தப் பெயரைத் தினமும் காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள், மறந்து தொலைத்துவிடக் கூடாதே என்று.

அவள் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொலைப்பழி தீர்க்க வேண்டியவர்கள் கையில் ஓர் இரும்பு வளையம் போட்டுக்கொள்வார்கள். பழி தீர்ந்த அன்றைக்குத்தான் கழற்றலாம். வளையம் போட்டவர்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை, சமாதானம் பேசும் இடத்தில் உட்கார விடுவதும் இல்லை. இர்மினாவின் இடது மணிக்கட்டில் அப்படி ஒரு வளையம் கிடந்தது. அது எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரைன் நதிக்கு மேற்கே ரோமப் பேரரசு. கிழக்கே காடும் சதுப்பும், அவற்றுக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த ஜெர்மானிய இனங்களும். இர்மினாவின் இனத்துக்கு ஆம்சியர் என்று பெயர். வடக்கிலிருந்து வந்த வேறோர் இனம் அவர்களை வீடு வாசலோடு கிளப்பிவிட்டது. மாட்டு வண்டிகளில் சட்டிபானைகளையும் கிழடுகட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் எல்லை வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். தலைவன் வால்தர், இர்மினாவின் அண்ணன். இர்மினா குறி சொல்கிறவள். அவள் சொன்னால் வால்தரே தட்டமாட்டான்.

அவள் கழுத்தில் அம்பர் மணி ஒன்று கிடந்தது, மரப்பிசின் கல்லாக இறுகிப்போன மஞ்சள் மணி. அம்மா கொடுத்தது. இடம்பெயரத் தொடங்கிய வருஷம் அது பேச ஆரம்பித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இர்மினா பேசிய பாஷை எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. அதைப் பிடித்து மொழிபெயர்த்த கருவிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் செண்பகவல்லி, சாத்தூர்க்காரி. அதனால் இர்மினா, வால்தர், பின்னால் வரப்போகும் ஜெர்மன் பேராசிரியர் எல்லோருமே சாத்தூர் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் போலத்தான் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், குற்றம் கருவியுடையது.

"நீ எந்தச் சாமி தாயி?" என்று இர்மினா முதல் நாள் கேட்டாள்.

"சாமியெல்லாம் இல்ல. செண்பகவல்லின்னு பேரு. நீ நிக்கிற நாட்டுலதான் நானும் இருக்கேன். ஆனா ரொம்பக் காலம் கழிச்சு. நீங்கள்லாம் போயிச் சேந்து, அதுக்கப்புறம் எத்தனையோ தலமுறை போயிச் சேந்து."

இர்மினா அசந்துவிடவில்லை. செத்தவர்கள் பேசுவதை அவள் கேட்டிருக்கிறாள், அல்லது கேட்டதாக நம்பியிருந்தாள். பிறக்காதவர்களும் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

"அங்க இருந்து இங்க எப்படிப் பேசுற?"

"ஒங்கிட்ட இருக்கிற மணியும் எங்கிட்ட இருக்கிற மணியும் வேற வேற இல்ல. ஒரே மணிதான். நீ அதுல பேசுனா இங்க அது லேசா அதிருது. அதக் கேக்கவும் திருப்பிப் பேசவும் ஒரு மிசினு செஞ்சிருக்கோம். ஒனக்கு ஒரு நாள் போனா எனக்கும் ஒரு நாள் போகும், அம்புட்டுத்தான்."

"எம் மணி ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"ஒரு சதுப்பத் தோண்டுனப்ப கெடச்சுச்சு. மாடு கட்டுற வளையம் ஒண்ணோட சேத்துக் கட்டிக் கெடந்துச்சு."

"மணியப் போயி எவளாவது மாட்டு வளையத்துல கட்டுவாளா?" என்று இர்மினா சிரித்தாள். மணிக்குள்ளும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பேச்சு தினசரி ஆகிவிட்டது. செண்பகவல்லி வார்த்தைகளைக் கேட்டாள், பாட்டுக்களைக் கேட்டாள், பால் உறைய எதைப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். இர்மினாவின் மகள் லியுபாவுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அவள் மணியைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பாள். செண்பகவல்லி இட்லி என்பாள். கருவி திணறி, ஆவியில் வெந்த வெள்ளைச் சோறு என்று சொல்லும். லியுபா அதை வண்டிக்கு வண்டி போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருவாள். சில நாள் பின்னணியில் ஓர் ஆணின் குரலும் கேட்கும், தொண்டையைச் செருமிக்கொண்டு, இதைக் கேள், அதைக் கேள் என்று. அதுதான் எக்கார்ட், செண்பகவல்லியின் மேலதிகாரி, பெரிய பேராசிரியர்.

ஆம்சியர்கள் வந்து சேர்ந்த ஆற்றங்கரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி காலியாகக் கிடந்தது. ஒரு குடிசைகூட இல்லை. ரோமப் படையின் மாடுகள் எப்போதாவது வந்து மேய்வதற்காக அதைச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். வால்தர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ரோமத் தளபதியிடம் போனான்.

"மாடு மேய எடம் இருக்கு, மனுசன் நிக்க எடம் இல்லையா சாமி? ஒரு ஓரத்தக் குடுங்க. ஒங்களுக்கு வெதச்சுத் தாரோம், ஒங்களுக்கே சண்டையும் போடுறோம்."

தளபதி மரியாதையாகத்தான் பேசினார். வால்தருக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு நிலம் தருவதாகச் சொன்னார். கூட்டம் நாளை விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். வால்தர் காறித் துப்பிவிட்டுத் திரும்பி வந்தான்.

இரண்டு நாள் நடையில் பாதை பிரிந்தது. ஒன்று கிழக்கே காட்டுக்குள் ஏறியது, இன்னொன்று தெற்கே சதுப்போரமாக இறங்கியது. காட்டுக்குள் தூரத்துச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சேர்த்துக்கொள்வார்களா என்பது நிச்சயமில்லை. வால்தர் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். இர்மினா மணியை வாயருகே பிடித்தாள்.

"செம்பகம், எங்கிட்டு போகட்டும்?"

மணி பேசவில்லை. இர்மினா இன்னொரு தடவை கேட்டாள். மாடுகள் நுகத்தடியில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன, பிள்ளைகள் அழுதன. கடைசியில் செண்பகவல்லியின் குரல் வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல.

"தெக்க போங்க தாயி. சதுப்பு வழியா."

சதுப்போரத்தில் இரண்டு இனங்கள் காத்திருந்தன. ஆம்சியரைச் சேர்த்துக்கொள்பவர்களையும் ஒழித்துவிடுவதாக ரோமத் தளபதி மிரட்டியிருந்தார், அவர்கள் மிரட்டலுக்கு மேலேயே செய்துகாட்டத் தயாராக இருந்தார்கள். ஜெயித்தால் எதிரியின் ஆண்கள், குதிரை, வாள், வண்டி எல்லாவற்றையும் போர்த்தெய்வத்துக்கே கொடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார்கள். நேர்த்திக்கடனில் மிச்சம் வைக்க முடியாது. வளர்ந்த ஆண்களில் ஒருவனையும் விடவில்லை. வாள்களை வளைத்து, கேடயங்களை உடைத்து எல்லாவற்றையும் சதுப்புக்குள் வீசினார்கள். வால்தரின் தலை ஒரு கம்பத்தில் ஏறியது.

இர்மினா லியுபாவை இழுத்துக்கொண்டு நாணலுக்குள் இறங்கினாள். கழுத்தளவு தண்ணீர். தேடுகிறவர்களின் கால் சத்தம் கரையில் நெருங்கியபோது பிள்ளை இரும ஆரம்பித்தாள். இர்மினா அவளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தாள், அவர்கள் போகும் வரைக்கும். அவர்கள் மெதுவாகத்தான் போனார்கள்.

பிறகு மற்றப் பெண்களோடு அவளையும் பிடித்தார்கள். பங்கு பிரித்தபோது அவள் யாருக்கும் பிடிக்காத பங்காக நின்றாள், பேசாமல், பார்வை ஓரிடத்தில் குத்திட்டபடி. மணியை மட்டும் முடிக்குள் வைத்துப் பின்னியிருந்தாள். கடைசியில் ரோமர்களின் மாட்டுப் பட்டிக்கு விற்றுவிட்டார்கள். பட்டி எங்கே இருந்தது என்றால், அந்தக் காலிப் புல்வெளியில். வால்தர் கெஞ்சிக் கேட்ட அதே நிலத்தில் சாணி அள்ளுவதற்காக அவளுக்கு இடம் கிடைத்தது.

அங்கே வந்த பிறகுதான் மணியை வெளியே எடுத்தாள்.

"எங்க சனத்த ஏன் தாயி அங்கிட்டு அனுப்புன?"

செண்பகவல்லி அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை இர்மினா சாணியைக் கூடையில் அள்ளினாள்.

"எக்கார்ட்டு சொன்னாரு. இந்த மணி அந்தச் சதுப்புலதான் கெடச்சுச்சு, அப்படின்னா நீ அங்க போயித்தான் ஆகணும், இல்லைன்னா மணி அங்க வந்திருக்காது, நமக்கு இந்த ஆராய்ச்சியே கெடையாதுன்னாரு. நடந்தது நடந்ததுதான், நாம ஒண்ணும் புதுசாச் செய்யல, நடந்ததத்தான் சொல்றோம்னாரு. நான் நம்பல. ஆனா சொல்லிட்டேன் தாயி. வேலை போயிரும்னு பயந்துதான் சொன்னேன்."

"அங்க ஆளுக நிக்கிறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்க சனம் அழிஞ்சுபோச்சுன்னு பழைய புத்தகத்துல ரெண்டு வரி இருக்கு. எங்கன்னு இல்ல. எக்கார்ட்டுக்கு அந்த எடம்தான் வேணும்."

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. கம்பம் நட்ட குழியக்கூடக் கண்டுபிடிச்சிட்டாரு. நேத்து விருந்து வச்சாக. நான் போகல."

நாம் அதை வரலாறு என்போம். இர்மினாவுக்கு அந்த வார்த்தை கிடையாது. ஒருத்தன் தன் பெருமைக்காகத் தெரிந்தே ஒரு கூட்டத்தை வெட்டுக்கு அனுப்பினான், அதற்கு அவளிடம் சரியான வார்த்தை இருந்தது. அன்று மாலை அறுந்துபோன மாட்டுச் சங்கிலியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, கல்லால் தட்டி நெளித்து, இடது மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டாள். பட்டியில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அடிமைக்கு என்ன நகை வேண்டியிருக்கிறது என்று மட்டும் ஒருவன் கேலி செய்தான்.

ஆனால் பிறக்காதவனை எப்படிக் கொல்வது? ஈட்டி எட்டாது, விஷம் எட்டாது. அவன் முப்பாட்டனைத் தேடிப்பிடித்துக் கொல்லலாமென்றால், யார் அந்த முப்பாட்டன் என்று எக்கார்ட்டுக்கே தெரியாது. மணியை நெருப்பில் போட்டால் பேச்சு நிற்கும், ஆள் நிற்பான். இதையே மென்றுகொண்டு அவள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சாணி அள்ளினாள்.

பதில் வசந்த காலத்தில் மாடுகளோடு வந்தது. ஒரு மாடு காலையில் மேய்ந்துகொண்டிருந்தது, மத்தியானம் விறைத்துக் கிடந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக இரத்தம் வடிந்தது. மறுநாள் இன்னும் சில. தோலை உரித்தவனுக்குக் கையில் கறுப்புக் கொப்புளம் வந்து, வாரம் திரும்புவதற்குள் போய்விட்டான். அவளோடு வேலை செய்த செனோ என்ற மேய்ப்பன் கையைப் பிசைந்தான்.

"அந்த மேட்டுப் பக்கம் ஓட்டாதன்னு தலைய அடிச்சுக்கிட்டேன், ஒருத்தனும் கேக்கல. எங்க தாத்தா காலத்துல இதே சீக்குல செத்த மாட்ட அங்கதான் பொதைச்சாக. இன்னும் அந்தப் புல்ல மேஞ்சா சாவுதான்."

இர்மினா அந்த மேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். புல் பச்சைப்பசேலென்று இருந்தது.

அன்று மணியிடம் கேட்டாள். "செம்பகம், மாடு கறுப்பா இரத்தம் கக்கிச் சாகுதே, அது என்ன சீக்கு?"

"அடைப்பான்னு எங்க ஊர்ல சொல்வாக. நீ தொடாத தாயி."

"அது மண்ணுக்குள்ள எம்புட்டு நாளு உசுரோட கெடக்கும்?"

"அது வெதை மாதிரி தூங்கும். காத்தும் வெயிலும் படலைன்னா ரொம்ப வருசம் கெடக்கும்."

"ஒங் காலம் வரைக்கும் கெடக்குமா?"

பாதை பிரிந்த இடத்தில் பேசாமலிருந்தது போலவே மணி இப்போதும் பேசாமலிருந்தது. பிறகு செண்பகவல்லி சொன்னாள், "அம்புட்டு நாளு யாரும் வச்சுப் பாத்ததில்ல தாயி." ஏன் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

படை, மிச்ச மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. செத்ததையெல்லாம் எரித்துவிட்டு வரும்படி இர்மினாவையும் செனோவையும் விட்டுவிட்டுப் போனார்கள். செனோ மூன்றாம் நாள் செத்தான். இர்மினாவின் முழங்கையிலும் ஒரு கறுப்புப் புண் வந்து, என்ன நினைத்ததோ, தானாக ஆறியது. செத்தால் சாவோம் என்றுதான் அவள் இருந்தாள், ஆனால் வேலை முடிவதற்கு முன்னால் செத்துவிடக் கூடாது என்று மட்டும் கவலை இருந்தது. எரிக்கச் சொன்னவற்றில் நான்கு தோல்களை, மயிரோடும் இரத்தத்தோடும், கவைக்கோலால் உருட்டி எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது எக்கார்ட்டைக் கூப்பிட வேண்டும். அது சிரமமாக இல்லை. வால்தரைப் புதைத்த இடத்தைச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை விட்டாள், அவர் தானே மணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தலைவன் தல கம்பத்துலன்னு செம்பகம் சொன்னாகளே?" என்றார்.

"தல கம்பத்துல. ஒடம்ப நான் எடுத்துட்டேன். எங்க வழக்கப்படி ஓக் மரப் பெட்டியில வச்சு, மாட்டுத் தோலால சுத்தி, கழுத்துப் பொன்னோட பொதைச்சிருக்கேன்."

தொண்டை செருமும் சத்தம் கேட்டது. "எந்த எடம்னு சொல்லு தாயி. ஒனக்கு என்ன வேணுமோ கேளு."

"எனக்கு என்ன வேணும் சாமி. பகை தீரணும். எங்கள்ல ஒரு முறை இருக்கு. சாவுக்குக் காரணமானவன் வெறுங்கையால அந்தச் சுத்துனதப் பிரிச்சு, செத்தவனத் தொட்டு, அதே கைய மொகத்துல தடவிக்கிடணும். அவன்தான் செய்யணும், ஆளு வச்சுச் செய்யக் கூடாது. செஞ்சுட்டா ரெண்டு பக்கமும் கணக்கு முடிஞ்சிருச்சு."

"ரொம்ப நல்ல முறை" என்றார் எக்கார்ட். "பத்திரிகைக்காரங்களையும் கூப்புட்டுரலாம்."

அப்படி ஒரு முறை ஆம்சியரிடம் இருந்தது உண்மை. ஆனால் இரும்பு வளையம் போட்டிருப்பவர்கள் அதைக் கேட்கக் கூடாது. ஆம்சியரின் பால், பாட்டு, பல்வலி எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பேராசிரியர், நீ கையில் என்ன போட்டிருக்கிறாய் என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

சதுப்போரமாக, லியுபா செத்த நாணலுக்குப் பக்கத்தில், வேறொரு மேடு இருந்தது. இர்மினா தோல்களை அங்கே இழுத்து வந்துதான் தோண்டினாள். விழுந்து கிடந்த ஓக் மரத்தைக் குடைந்து பெட்டி செய்தாள். தோல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி உள்ளே இறக்கினாள். பூர்ச்ச மரப் பட்டையில் வடித்த கீலைக் காய்ச்சி மூடியின் இடுக்கெல்லாம் ஊற்றி அடைத்தாள், பொட்டுக் காற்று போகாதபடி. பெட்டிக்குள் வால்தர் இல்லை. கழுத்துப் பொன்னை ஜெயித்தவர்கள் வளைத்துச் சதுப்பில் எறிந்து அப்போதே வருஷமாகிவிட்டது. மண்ணைத் தள்ளி மூடி, மேலே புல் பத்தையை வைத்து மிதித்துவிட்டு, இடத்தின் அடையாளத்தை மணியில் சொன்னாள்.

எக்கார்ட்டின் காலத்தில் அனுமதி வாங்க, கூடாரம் போட, கொஞ்ச நாள் ஆனது. இர்மினா மேட்டின் மேலேயே ஒரு குடிசை கட்டிக்கொண்டு, மீன் பிடித்துத் தின்றுகொண்டு காத்திருந்தாள். தன் பழி தனக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் கிடக்கிறது என்ற நினைப்பில் அவள் நன்றாகத் தூங்கினாள். லியுபா செத்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

ஒரு காலையில் மணி அதிர்ந்தது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, மண்வெட்டி கேட்டது. அவள் உட்கார்ந்திருந்த அதே மேட்டில், அவளுக்கு நேர் கீழே. மரம் கிறீச்சிட்டது. எக்கார்ட் ஒரு பிரசங்கம் செய்தார், அதில் மன்னிப்பு என்ற சொல் பல தடவை வந்தது. கைதட்டினார்கள். பிறகு வெகுநேரம் தோல் பிரிகிற மொரமொரப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இர்மினா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் வாழ்நாளில் கேட்ட எந்தப் பாட்டும் அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

நிழல் சாய்ந்த பிறகு செண்பகவல்லியின் குரல் தனியாக வந்தது.

"தாயி, கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"நாலு தோலையும் பிரிச்சிட்டாரு, வெறுங்கையால. உள்ள ஆளு இல்லைன்னதும் மொகம் செத்துப்போச்சு. ஆனாலும் போட்டோக்காரங்க நின்னாகளா, கைய மொகத்துல தடவிக்கிட்டாரு. நல்லா விழலைன்னாங்க. இன்னொரு தடவையும் தடவுனாரு."

இர்மினாவுக்குச் சிரிப்பு வந்தது.

"வேற யாரையும் நான் பக்கத்துல விடல" என்றாள் செண்பகவல்லி. "எல்லாத்தையும் கயிறு கட்டித் தள்ளி நிக்க வச்சேன். இப்ப பெட்டிய மூடி, சீல் வச்சாச்சு. முந்தாநாளே ஓரத்துல ஓட்டை போட்டுக் கொஞ்சம் மயிர எடுத்து, தெரியாமப் பாத்தேன். உசுரோடதான் இருக்கு தாயி. நீ மாட்டப் பத்திக் கேட்டியே, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"லியுபா எங்கிட்டக் கடைசியாக் கேட்டது என்ன தெரியுமா? அடுத்த தடவ இட்லியக் கொண்டுவா, மணி வழியாத் தள்ளிவிடுன்னுச்சு." குரல் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. "எக்கார்ட்டு தொட்ட பெறகு நானும் தொட்டேன். தெக்க போகச் சொன்ன வாய் என்னோடதுதான?"

காற்றில் நாணல் அசைந்தது. இர்மினா மணியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு தாயி. இந்தச் சீக்குக்கு எங்ககிட்ட மருந்து இருக்கு. இன்னைக்கே சொன்னா அவரு பொழைச்சுக்கிருவாரு. சொல்லலைன்னா சளிக் காய்ச்சல்னு நெனைச்சுக்கிட்டுத் திரிவாரு, என்னன்னு தெரியிறதுக்குள்ள முடிஞ்சிரும். சொல்லவா, வேணாமா? இது ஒம் பகை. நீ சொல்றபடி செய்றேன்."

அன்றைக்குப் பாதை பிரிந்த இடத்தில் இவள் கேட்டாள், மணி சும்மா இருந்தது. இன்றைக்கு மணி கேட்கிறது. மாடுகள் தலையை ஆட்டியதும் வால்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதும் இர்மினாவின் ஞாபகத்துக்கு வந்தன. அவளும் அதே அளவுக்குக் காக்க வைத்தாள்.

"நீ மருந்தத் தின்னு செம்பகம்" என்றாள் கடைசியில். "தெரிஞ்சே வந்து தொட்டுட்ட. ஒம்மேல இருந்த பகை தீந்துச்சு."

"அவரு?"

இர்மினா இடது கையை நீட்டினாள். ஒரு கல்லின் விளிம்பில் மணிக்கட்டை வைத்து, இன்னொரு கல்லால் வளையத்தைத் தட்டினாள். நெளிந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. கையிலிருந்து வளையம் கழன்றது, அடியில் தோல் வெளுத்துக் கிடந்தது.

"தாயி? அவருக்குச் சொல்லவா, தாயி?"

இனி மணி எதற்கு? பேசுவதற்கு ஒன்றுமில்லை. மணி லேசானது, வீசினால் நாணலிலேயே சிக்கி நிற்கும். கனம் வேண்டுமென்று அதை வளையத்தோடு சேர்த்து நாலைந்து சுற்றுக் கட்டி முடிச்சுப் போட்டாள். மகள் போன இடத்தைப் பார்த்து, கை வலிக்க வீசினாள். தண்ணீர் ஒரு தடவை சத்தமிட்டது.

கை கீழே இறங்குவதற்குள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாடு கட்டுற வளையம் ஒண்ணோட சேத்துக் கட்டிக் கெடந்துச்சு. முதல் நாளே சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்படியென்றால் மணி சதுப்புக்குள் போனது அன்றைக்கு இல்லை. இன்றைக்கு. அதைப் போட்டது ஓடி ஒளிந்த கூட்டம் இல்லை, பழி தீர்ந்து வளையத்தைக் கழற்றிய ஒருத்தி. ஒரு மணியைச் சதுப்பில் போடுவதற்கு ஒரு பொம்பளை போதும். வால்தர் வந்திருக்க வேண்டியதில்லை, வண்டிகள் வந்திருக்க வேண்டியதில்லை, லியுபா வந்திருக்க வேண்டியதில்லை. கிழக்கே காட்டுக்குள் போயிருந்தாலும் மணி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வளையம் என்றால் என்னவென்று அந்தப் படித்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இர்மினா தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. சேற்றைக் கைகளால் துழாவினாள். சொல்லாதே, அவனுக்குச் சொல்லாதே என்று கத்தினாள். நாணலைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை கத்தினாள். மணி அவள் கையில் இல்லை.